பூரணி கட்டியிருந்த கடிகாரம்

ஜெயகாந்தன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கைக்கடிகாரம்தான். ஹட்டன் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. பேட்டரி கிடையாது, கை அசைய அசையத் தானே சாவி ஏறிக்கொள்ளும். பின்பக்கம் கண்ணாடி. அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் கழற்றி மனைவி பூரணியிடம் காட்டினான். உள்ளே சின்னஞ்சிறு சக்கரம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"உசிரு இருக்கு, பாத்தியா புள்ள."

"ஆமாங்க. சோறு மட்டுந்தான் கேக்கல" என்று சிரித்தாள்.

அடுத்த வருடம் தேயிலை கவ்வாத்து வெட்டும்போது குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். முன்னால் நின்ற ஜெயகாந்தனால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் உடுப்போடு கடிகாரத்தையும் ஒரு பையில் போட்டுப் பூரணியிடம் கொடுத்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

அவன் படத்துக்கு முன்னால் அதை வைத்தாள். கருமாதிக்கு முன்பே நின்றுபோனது. சாவு வீட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். மகள் சர்மிளா அதை எடுத்துக் குலுக்கினாள். முள் நகர்ந்தது. பூரணி வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

கொழுந்து பறிக்கிற கை எங்கே சும்மா இருக்கிறது? கடிகாரம் நிற்கவே இல்லை. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டின வாசலையே மறுபடியும் கூட்டுவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கொழுந்து நிறுக்கக் கூடையை இறக்கியபோது கை வெறுமையாக இருந்தது. ஈரத்தில் ஊறித் தோல் வார் அறுந்திருக்க வேண்டும். கூட வேலை செய்த பெண்கள் கொட்டிய கொழுந்தைக் கிளறினார்கள். செடிகளுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். கங்காணி மாயாண்டியும் கம்பால் புல்லை விலக்கிப் பார்த்தார். மறுநாளும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து நிரையில் நின்ற ஜீவராணி கூப்பிட்டாள்.

"அக்கா, தண்ணி ஓடுற கான் ஓரமா இன்னும் பாக்கலையே. வாங்க, போயிப் பாப்போம்."

"வேணாம் ஜீவராணி. இந்நேரம் நின்னுருக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டாள். ஆனால் வெகுநேரம் அவள் கை கொழுந்துக்குப் போகவில்லை. ஜீவராணி தன் நிரையை விட்டுவிட்டு வந்து அவள் நிரையில் பறிக்க ஆரம்பித்தாள்.

கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கும் சர்மிளா, தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு பேட்டரிக் கடிகாரம் வாங்கி வந்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் பூரணி இப்போது கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். நேரம் கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறாள்.