ஒன்பது கறுப்பு, ஒரு வெள்ளை

போன வருடம் ஆடி மாதம், நன்னிலத்தில் நடந்தது இது. கும்பகோணத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கடைசிப் படிக்குக் கீழே இருந்த பள்ளத்தில் என் மனைவியின் வலது கால் மடங்கிவிட்டது. நான் முன்னால் இறங்கிப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு பைகள்; நான்கும் சரியாக இருந்தன. திரும்பிப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிவதும் ஏறுவதுமாக ஏழு வாரம் ஓடிவிட்டது. வெளிப்பக்கக் கணுவுக்குக் கீழே விரலை வைத்தால் வலி அப்படியே இருந்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் புண் ஆறுமா, ஆற எத்தனை நாளாகும் என்று நான் முன்கூட்டியே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். கவலைப்படுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன்.

எங்கள் வீட்டில் விவசாயம் பார்ப்பது அவள்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக இருந்தவன். அடுத்தவர் நிலத்தின் மூலை முடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் இரண்டரை ஏக்கருக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும் அவள் முகத்தைப் பார்ப்பேன். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. புரட்டாசி முடிவதற்குள் நடவு. நடவன்று அவள் வரப்பில் நிற்காத வருடமே கிடையாது. தஞ்சாவூர் எலும்பு டாக்டரிடம் அவள் கேட்டதும் அந்த ஒன்றைத்தான்.

"நடவுக்குள்ள என்னை நடக்க வுட்ருங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த டக்டக் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த நான் நானூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். படங்கள் அடங்கிய சி.டி.யைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம்.

மறுநாள் ரிப்போர்ட் போனில் வந்தது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் கட்டும் நார் ஒன்று சுளுக்கி, இப்போது ஆறிக்கொண்டிருக்கிறது. தசையை எலும்போடு கட்டும் நாண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அதைப் பார்த்த எலும்பு டாக்டர், ஆபரேஷன் வேண்டாம், பாதத்தை மேலும் கீழும் மடக்கும் பயிற்சி செய்யட்டும், மெல்ல நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அதோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் கையில் சி.டி. இருந்தது. குவைத்துக்குப் போன மகன் விட்டுச் சென்ற பழைய கம்ப்யூட்டரும் இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆறு வரிசைகள், மொத்தம் நூற்று ஐம்பத்திரண்டு படங்கள். பக்கவாட்டில் சீவியது போல ஒரு வரிசை, குறுக்கே சீவியது போல இன்னொன்று, அதே இடத்தை வேறு சாயலில் காட்டும் மற்றொன்று என்று இருந்தன.

முதல் நாளே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை கன்னங்கரேலென்று ஒரு பட்டை. ஆகாயத்திலிருந்து எடுத்த நிலப்படங்களைப் பார்த்துப் பழகியவன் நான். அவற்றில் ஆறும் வாய்க்காலும்தான் கறுப்பாக விழும். கால் பின்பக்கமாகப் பிளந்து நீர் கோத்திருக்கிறது என்றே முடிவு செய்தேன். அவளைக் கூப்பிட்டுக் குதிகாலுக்கு மேலே அமுக்கி, "வலிக்குதா?" என்றேன்.

"இப்படி அமுக்குனா கல்லுக்கும் வலிக்கும். கைய எடுங்க."

பிறகு இணையத்தில் பாடம் தேடினேன். மாணவர்களுக்காக டாக்டர்கள் போட்டிருக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி, நான்கு நாள் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் பழகியதற்கு இது நேர்மாறு. இங்கே நீர்தான் சில வரிசைகளில் வெள்ளை. நல்ல நாண் எப்போதும் கறுப்பு. நான் பிளவு என்று நினைத்த கறுப்புப் பட்டை, காலிலேயே பலமான குதிகால் நாண்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ருசி கண்டுவிட்டேன். கணுக்காலைச் சுற்றி முன்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, ஆக மொத்தம் பத்து நாண்கள் என்று பாடத்தில் சொன்னார்கள். பத்து எல்லைக்கல் என்றால் பத்தையும் பார்த்தாக வேண்டும் அல்லவா? டைரியில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்துக்கொண்டே வந்தேன். ஒன்பது கறுப்பாக இருந்தன. வெளிப்பக்கத்து இரண்டில் ஒன்று, கணு எலும்பைச் சுற்றிக் கீழே வளையும் இடத்தில் வெள்ளையாக இருந்தது. ஒரு படத்தில் அல்ல, அடுத்தடுத்து ஒன்பது படங்களில். அவளுக்கு வலிக்கும் இடமும் அதுவேதான்.

 நாண் கிழிந்திருக்கிறது, ரிப்போர்ட் எழுதியவர் கவனிக்கவில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கால்களோ, எனக்கு ஒரே கால். நடந்தால் மிச்சமும் அறுந்துபோகும் என்று நினைத்தேன். பயிற்சியை அன்றே நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தூக்கி ஒரு ஸ்டூல்மேல் வைத்தேன். அடுப்படிக்குப் போகக்கூட விடவில்லை. சமையல் நான்தான்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு, நீங்க உக்காரச் சொல்றீங்க. யாரு சொல்றத கேக்கறது?"

"அவரு ரிப்போர்ட்டப் பாத்துச் சொன்னாரு. நான் படத்தையே பாத்துட்டேன்."

"உங்க ரசத்தக் குடிச்சே என் காலு வீங்கிடும்போல இருக்கு."

பதினொரு நாள் இப்படிப் போயிற்று. வயலிலிருந்து ஆட்கள் வந்து, நாற்று வளர்ந்துவிட்டது, எப்போது பறிப்பது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் காலை அவளே எழுந்து, சுவரைப் பிடித்தபடி வந்து என் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றாள்.

"என்னங்க, படம் எடுத்தவங்களையே போய்க் கேப்போம். அவங்க கிழிஞ்சிருக்குன்னு சொன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா நாளைக்கே வயலுக்குப் போவேன்."

நன்னிலத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு பஸ். வழியில் நாற்பத்தொரு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் நான் அவள் காலைப் பார்த்தேன், அவள் ஜன்னலுக்கு வெளியே எந்தெந்த வயலில் நடவு முடிந்துவிட்டது என்று பார்த்தாள்.

ரிப்போர்ட் எழுதிய டாக்டர் ஒரு பெண். முக்காடு போட்டிருந்தார், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். நான் டைரியைத் திறந்தேன். இருபத்தேழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் கேளுங்க அய்யா. மொதல்ல எதப் பாத்துப் பயந்தீங்களோ, அதச் சொல்லுங்க."

மூன்றாவது வரிசை, பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை என்றேன். அவர் நேரே அங்கே போனார். என்னுடைய வெள்ளைத் திட்டு பெரிய திரையில் இன்னும் பெரிதாக நின்றது.

"அட, சரியாத்தான் புடிச்சிருக்கீங்க. வெள்ளையாத்தான் இருக்கு."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். மறுகணம், ஐயோ, சரியாகிவிட்டதே என்று அவள் காலைப் பார்த்தேன்.

டாக்டர் திரையை இரண்டாகப் பிரித்தார். இடது பக்கம் நான் பார்த்த படம். வலது பக்கம் வேறொரு வரிசையிலிருந்து அதே இடம். அதில் அந்த நாண் மை போலக் கறுத்திருந்தது.

"இப்பச் சொல்லுங்க, எது நெசம்?" என்று சிரித்தார். "நாண் வளையற எடத்துல, மிஷினோட காந்தத்துக்கு அது ஐம்பத்தஞ்சு டிகிரி சாய்வுல வந்துச்சுன்னா, இந்த மாதிரிப் படத்துல பொய்யா வெள்ளை காட்டும். இன்னொரு மாதிரிப் படத்துல காட்டாது. நெசமாவே கிழிஞ்சிருந்தா ரெண்டுலயும் வெள்ளையா நிக்கும். உங்க காலு, என் காலு, யாரு காலை எடுத்தாலும் இந்த வளைவுல இது வரலாம். நானும் படிக்கறப்ப ஏமாந்தவதான். மொதல் மாசமே மூணு பேருக்கு நாணைக் கிழிச்சு வச்சேன், பேப்பர்ல. நல்லவேளை, எங்க சார் பாத்துத் தச்சு விட்டுட்டாரு."

என் மனைவி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்துநாலு வருஷம் ஊரான் வரப்புல ரெண்டு பக்கமும் நின்னு அளவுச் சங்கிலி புடிச்சீங்க. என் காலுக்கு மட்டும் ஒரு பக்கம் போதுமா?"

டைரியை மூடினேன். ஒரு கல்லின் இடத்தை ஒரே பக்கத்திலிருந்து அளந்து நட்டால் அது செல்லாது, இன்னொரு பக்கத்திலிருந்தும் அளந்து ஒத்துப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தரும் விஷயம் அது. ஆறு வரிசை கையில் இருந்தும், பயம் தெரிந்த வரிசையோடு நின்றுவிட்டேன்.

"பயிற்சியெல்லாம் செய்யறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வூட்டு டாக்டரு வுடலீங்களே."

பதினொரு நாள் உட்கார வைத்ததை நானே ஒப்புக்கொண்டேன். டாக்டரின் முகம் மாறிவிட்டது. பாதத்தை மேலே மடக்கச் சொன்னார். பாதி கூட வரவில்லை. "இறுகிப்போயிருக்கு" என்றார். "சரியாயிடும், பயப்படாதீங்க. ஆனா இன்னைக்கே ஆரம்பிக்கணும். எலும்பு டாக்டர்ட்டயும் இத மறைக்காம சொல்லுங்க."

"நடவுக்குப் போலாமா?" என்றாள் அவள்.

"இப்படி இறுகுன காலோட சேத்துல எறங்காதீங்கம்மா, வரப்புலயும் வேணாம், வழுக்கும். ரோட்டோரமா நின்னு பாருங்க."

அவள் தலையை ஆட்டினாள்.  அந்தப் பதினொரு நாளும் பயிற்சி செய்திருந்தால் வரப்பில் நின்றிருப்பாள் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

நாங்கள் எழுந்தோம். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, டாக்டர் என்னை மறுபடி உட்காரச் சொல்லி, மவுஸை என் கையில் கொடுத்தார். "நீங்க படத்த எண்ணிட்டீங்க அய்யா. எண்ணாதீங்க, கூடவே போங்க. ஒரு நாணைப் புடிச்சுக்கிட்டு, கெண்டைக்கால்லேர்ந்து பாதம் வரைக்கும் கண்ணை எடுக்காம போங்க. வாய்க்கால்ல தலைமடைலேர்ந்து கடைமடைக்குப் போற மாதிரி."

போனேன். சக்கரத்தை உருட்ட உருட்ட, சின்னக் கறுப்புப் பொட்டு ஒன்று திரையில் ஊர்ந்தது. கணு எலும்பின் பின்னால் பதுங்கியது, வளைந்தது, பக்கத்திலிருந்த இன்னொரு பொட்டோடு சேர்ந்து நடந்தது, பிரிந்து பாதத்துக்குள் இறங்கியது. எங்கும் அறுபடவில்லை. நான்கு நாள் நூற்று ஐம்பத்திரண்டு தனித்தனிப் படங்களாகப் பார்த்தது, அந்த அரை நிமிடத்தில் ஒரு காலாக ஆயிற்று. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என் காலுக்குள்ள இம்புட்டு இருக்கா? அதான் வலிச்சிருக்கு."

வலிக்குக் காரணமான நாரையும் டாக்டர் காட்டினார். வெளிப்பக்கக் கணுவுக்குக் கீழே, சற்று முன்னால், கொஞ்சம் தடித்து, ஓரத்தில் லேசாக வெள்ளை கசிந்து இருந்தது. இரண்டு வரிசையிலும் அப்படியே. ரிப்போர்ட்டில் முதல் வரியே அதுதான். மிச்சம் இருபத்தாறு கேள்விகளை நான் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஊருக்கு வந்த அன்றே பயிற்சி தொடங்கியது. மேலே இருபது, கீழே இருபது, வட்டமாக இருபது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. எண்ணுவது என் வேலை. பதினெட்டில் நிறுத்தப் பார்ப்பாள், நான் விடமாட்டேன். "இதுக்காவது உங்க எண்ணிக்கை ஒதவுதே" என்பாள்.

நடவன்று தார் ரோட்டின் ஓரத்தில் குடையோடு நின்றாள். நடவுப் பெண்களில் ஒருத்தி வயலுக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். "என்னக்கா, கலெக்டரு மாதிரி ரோட்டுலயே நிக்கறீங்க?"

"எங்க வூட்டு சர்வேயர் கல்லு நட்டுட்டாருடி. தாண்டக் கூடாதாம்."

வயல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனாலும் அவள் கழுத்தை நீட்டி, தூரத்து மூலையில் நாற்று நெருக்கமாக விழுகிறதா என்று பார்க்க முயன்றதையும், தெரியாமல் விட்டுவிட்டதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தை மாத அறுவடைக்குள் கால் தேறிவிட்டது. பனி காயாத வரப்பில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் தடுமாறிக்கொண்டு போனேன். "காலைப் பாத்து வைங்க, உங்களுக்கு ஸ்கேன் எடுத்தா நான் படிக்க மாட்டேன்" என்றாள். அந்தப் பதினொரு நாளை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். பாதி கற்றதை முழுதாகக் கற்றதாக நினைத்து நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட நாட்கள் அவை என்பதால், அவள் வரப்பில் நடக்கும் ஒவ்வொரு காலையையும் எனக்குத் திரும்பத் தரப்பட்ட ஒரு நாளாகவே நினைத்துக்கொள்கிறேன்.