அத்தைக்கு இருபத்தொன்று, நைனாவுக்கு இருபத்தாறு

அத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். நைனா, என் அப்பா, பயந்துவிட்டார். அத்தை அவருடைய அக்கா, எழுபத்தாறு வயது. மாமா போனபிறகு நகரியில் எங்களோடுதான் இருக்கிறார். மறுநாளே இருவரையும் திருப்பதிக்கு, ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

ஞாபகசக்திப் பரிசோதனை என்றார்கள். ஓர் இளம்பெண் ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள். அத்தைக்கு மூன்றுதான் வந்தது. ஒரு படத்தைக் காட்டி அதேபோல் வரையச் சொன்னதும், பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தார்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்டி இல்லக்கா, கோட்ட இப்டி இழு."

அந்தப் பெண் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள்.

முப்பதுக்கு இருபத்தொன்று. தாளை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தேன். நைனாவோ, "எனக்கும் வெச்சிப் பாரும்மா" என்று தானாகவே போய் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இருபத்தாறு வாங்கினார். டாக்டர் அறைக்குள் போகும்போது நடையே மாறியிருந்தது.

டாக்டர் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள குப்பம் ஊர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். "எதுவரைக்கும் படிச்சீங்கம்மா?" என்று அத்தையைக் கேட்டார். காதில் விழவில்லை. நான் கேள்வியை உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

"ரெண்டாங்கிளாசு. அதுக்குள்ள இவன் பொறந்துட்டான். அம்மா கழனிக்குப் போவணும், இவன யாரு தூக்கிக்கினு இருக்கறது? நிறுத்திட்டாங்க."

"அந்தப் படிப்புக்கும் இந்த வயசுக்கும் இது நல்ல மார்க்கும்மா. பேனா புடிச்சிப் பழகுனவங்களுக்கு இதுல மார்க்கு அதிகமா வரும். உங்களுக்குக் காதுதான் மந்தம். பால் பொங்குற சத்தமும் அதனாலதான் கேட்டிருக்காது. அதப் பாத்துடலாம்."

"அப்ப எனக்கு?" என்றார் நைனா.

"நீங்க பி.எட். வரைக்கும் படிச்சவரு. உங்க படிப்புக்கு இது சரியா இருக்கு சார். அவ்வளவுதான்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தோம். நைனா தன் வடையை எடுத்து அத்தை இலையில் வைத்தார்.

"என்னாலதான உன் படிப்பு நின்னுச்சி?"

"ஆமா. இறக்கி வுட்டா கத்துவ. எனக்கும் உன்ன இறக்கி வுட மனசு வராது. நீ துன்னுடா, ஆறிப்போவுது."

நைனா தலை நிமிராமல் சாப்பிட்டார். அத்தை வடையைப் பாதியாகப் பிட்டு, ஒன்றை அவர் இலைக்கே தள்ளினார்.

அடுத்த வாரம் காதுக்கு மெஷின் வாங்கினோம். இப்போது டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர்தான் நைனாவை அதட்டுகிறார்.