நான் தேர்ந்தெடுத்த டெக்கீலா

நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்காமல் ஒரு டின்னைக்கூட நான் ஸ்டோருக்குள் விட்டதில்லை. மைசூரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு பெரிய ஹோட்டலில் அப்போது எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. காய்கறி, காப்பித்தூள், சோப்பு, பாத்திரம் தேய்க்கும் நார் வரை எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாயில் போடக்கூடியதை வாயில் போட்டுப் பார்ப்பேன், மற்றதைத் தொட்டுத் தடவிப் பார்ப்பேன், அப்புறம்தான் கையெழுத்து. சரக்குக் கொண்டுவருகிறவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு டிசம்பர் மாதம் அது. நான் ரொம்பக் களைத்துப்போயிருந்தேன். வேலையால் வந்த களைப்பு இல்லை. என் வீட்டுக்காரர் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

குடிகாரனோடு குடும்பம் நடத்துவது ஒரு களைப்பு என்றால், குடியை விட்டவனோடு நடத்துவது வேறு மாதிரிக் களைப்பு. அவர் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். பதினாலு வருஷம் குடித்தார். கடைசியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு சொட்டுத் தொட்டாலும் ஈரல் தாங்காது, ஆளை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அன்றிலிருந்து என் கண்ணும் காதும் மூக்கும் எனக்குச் சொந்தமாக இல்லை. இருமல் மருந்துகூட வீட்டில் வைக்கவில்லை. அவரோடு எங்காவது போவதென்றால் ஒயின் ஷாப் இருக்கும் தெருவை விட்டு அக்ரஹாரத்தைச் சுற்றிக்கொண்டு போவோம். சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். சாயங்காலம் அவர் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் எனக்குக் கை கால் ஓடாது. அவர் ஒரு நாளும் வழி தவறவில்லை. ஆனாலும் நான் நிம்மதியாகத் தூங்கிய நாள் ஒன்றுகூட நினைவில்லை.

இந்த லட்சணத்தில் ஹோட்டலின் சாராய அறைச் சாவியும் என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விஸ்கி, ரம், பிராந்தி எல்லாம் தெரிந்த சரக்கு, சீல் வைத்து வரும், சீலோடு போகும். திறந்து பார்க்கிற வேலை எனக்கு இல்லை. வந்தது வினை அமெரிக்காவிலிருந்து. புது வருஷத்துக்கு ஒரு பெரிய கூட்டம் வருவதாகவும், அவர்களுக்கு நல்ல டெக்கீலா வேண்டுமென்றும் கடிதம் வந்தது. எங்கள் பாரில் அதுவரை டெக்கீலா என்ற பெயரையே யாரும் கேட்டதில்லை. பெங்களூர் ஏஜென்ட் மாதிரிக்கு மூன்று பாட்டில் அனுப்பி, ஒன்றைப் பொறுக்கிச் சொல்லுங்கள் என்றார்.

புதுச் சரக்கு எதுவானாலும் இரண்டு பேர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஹோட்டல் சட்டம். பார் தரப்பில் ஒருவர், ஸ்டோர் தரப்பில் ஒருவர். பார் தரப்பில் இருந்தவர் கொள்ளேகால் பக்கத்துக்காரர், கொங்குத் தமிழ் பேசுவார், கெட்டிக்காரர். ஆனால் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். யூனிஃபார்ம் காலருக்குள்ளே துளசி மணி. நாங்கள் எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டோம்.

"ஏன் சாமி, மாலையப் போட்டுட்டு இதை ஊத்தறதே தப்பில்லயா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"குருசாமியக் கேட்டுட்டுத்தானுங்க்கா ஊத்தறேன். ஊத்தறது பொழப்பு, குடிச்சாத்தான் தப்புன்னு சொல்லிப்போட்டாருங்க."

மேனேஜருக்கு வயிற்றில் புண். மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிடுகிற மனிதர். அவர் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தங்க நிறத்தில் இருந்ததைக் காட்டி, "இதே சென்னாகிதெ, சும்னே சைன் மாடி மேடம்" என்றார். இதுவே நன்றாக இருக்கிறது, பேசாமல் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். நிறத்தைப் பார்த்து நெய் வாங்குகிற ஜாதி.

ருசி பார்க்காத சாமானில் நான் கையெழுத்துப் போட்டதில்லை, இனிமேலும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் ருசி பாருங்கள் என்றார் அவர் சாவகாசமாக. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

நான் மறுத்திருக்கலாம். ஒரு பொம்பளை மாட்டேன் என்றால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? தங்க நிறப் பாட்டிலே வந்து தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். என் நாக்கின் மேல் எனக்கிருந்த கௌரவம் விடவில்லை என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். மீதி என்னவென்றால், எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்னைவிட, எங்கள் வீட்டைவிட, பதினாலு வருஷம் இந்த மனுஷனுக்குப் பெரிதாகத் தெரிந்தது எதுவோ, அது அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. அது அப்படி என்னதான் சொல்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆங்காரம்.

மத்தியானம் பார் மூடியிருந்த நேரத்தில் உட்கார்ந்தோம். சாமி மூன்று சின்ன டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, பாட்டிலில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது கத்தாழையில செய்யறதுங்க்கா. எங்கூருப் பக்கம் வேலிக்கு நட்டு வெச்சிருப்பாங்கல்லங்க, யானைக் கத்தாழை, அந்த ஜாதிதானுங்க. இந்த வெள்ளைப் பாட்டில்ல நூத்துக்கு நூறு கத்தாழைன்னு போட்டிருக்குதுங்க. தங்கக் கலர்ல இருக்குதே, அதுல ஒண்ணுமே போடலீங்க."

"போடலன்னா?"

"போடலன்னா சர்க்கரைச் சாராயமும் கலந்திருக்குதுன்னு அர்த்தங்க."

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். நெய்க்குச் செய்வதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு அழுத்தித் தேய்த்து, காய்ந்தபிறகு முகர்ந்தேன். தங்க நிறத்தது பிசுபிசுவென்று ஒட்டியது, கருகின சர்க்கரை நாற்றம். வாயில் வைத்ததும் தொண்டையைப் பிடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வாஷ் பேசினில் துப்பினேன். இரண்டாவது மரப்பீப்பாயில் வெகுநாள் வைத்தது. வாசனை மோசமில்லை, ஆனால் தச்சுப் பட்டறையும் கேக் எசன்ஸும்தான் தெரிந்ததே தவிர கற்றாழையைக் காணோம். அதையும் துப்பினேன்.

மூன்றாவது அந்த வெள்ளை. பார்க்கத் தண்ணீர். கையில் தேய்த்தபோது பச்சை மடலை அப்போதுதான் ஒடித்த வாசனை வந்தது, அதற்கடியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நாக்கில் மிளகுக் காரம். துப்ப வேண்டும் என்று நினைத்தேன். விழுங்கிவிட்டேன். தொண்டையில் நிற்காமல் நெஞ்சு வரை சூடாக இறங்கி அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் என் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. பதினோரு மாதமாக அவை இறுகிக் கிடந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்நேரமும் வீட்டு வாசலிலேயே கிடந்த காது அங்கிருந்து இறங்கி வந்து சும்மா உட்கார்ந்தது. ஆங்காரத்தோடு போனவள் நான். அது கெட்டதாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, சாமிக்கு முன்னால் அடக்கிக்கொண்டேன்.

"வெள்ளைதானுங்களா?" என்றார் அவர்.

"வெள்ளைதான்" என்றேன். படிவத்தில் 'கலப்பு இல்லை, தொண்டையில் நிற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முகர்ந்து பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாவியைத் திரும்ப மாட்டும்போதுதான் வீடு ஞாபகம் வந்தது. அடிப் பாவி, இந்த வாயோடு எங்கே போகப் போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் பத்துத் தடவை கொப்பளித்தேன். கெஸ்ட் ரூமுக்கு வைக்கிற பேஸ்ட்டைப் பிதுக்கித் தேய்த்தேன். சாமி சமையலறையிலிருந்து ஒரு பிடி கிராம்பும் ஏலக்காயும் கொண்டுவந்து, "மென்னுட்டே போங்க்கா, ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதாக எனக்குப் பட்டது. நிஜமாகத் திருப்பினாளோ, என் குற்ற மனசோ, தெரியாது.

அன்று அவருக்கு முதல் ஷிஃப்ட். எனக்கு முன்னாலேயே வந்து, உப்புமாவுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். குடியை விட்டதிலிருந்து சாயங்காலச் சமையல் அவருடையது. கைக்கு வேலை வேண்டும் என்பார்.

"ஏன் லேட்டு?"

"பஸ் சிக்கல" என்றேன், வாயை அதிகம் திறக்காமல்.

கத்தி நின்றது. "கிராம்பா?"

எனக்கு உயிரே போய்விட்டது. எப்பேர்ப்பட்ட முட்டாள் நான். பதினாலு வருஷமும் அவர் வாய் நிறையக் கிராம்பை மென்றுகொண்டுதான் வாசலில் வந்து நிற்பார். அந்த வாசனை வந்தாலே நான் சோற்றை மூடி வைத்துவிடுவேன். ஊரில் யாரிடம் செல்லுபடியானாலும் எங்கள் வீட்டில் அது செல்லாத காசு.

நடந்ததைச் சொன்னேன். ஆபீஸ் வேலை, கையெழுத்து, மூன்று பாட்டில், எல்லாம். "துப்பிட்டேங்க" என்றேன்.

"மூணையுமா?"

"ரெண்ட."

அவர் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த மனுஷனிடம் நான் கேட்ட பொய்கள் போதாதா என்று தோன்றியது. "நல்லா இருந்துச்சு" என்றேன்.

தலையை ஆட்டினார். கத்தியைக் கழுவி வைத்தார், கையைத் துடைத்தார், போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "இன்னிக்கு ஒரு நாள் உங்க அக்கா வீட்டுல போய்ப் படுத்துக்கிறயா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஓ, நல்ல நியாயங்க. நீங்க குடிச்சுட்டு வந்தப்பவும் நான்தான் துணிப்பையத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னிக்கு நான் வேலைக்காக ஒரு வாய் தொட்டதுக்கும் நான்தான் போகணுமா? பதினாலு வருஷம் அந்த நாத்தத்துல நான் கெடந்தேனே, ஒரு நாள் உங்களால கெடக்க முடியலயா?"

"சும்னே இரு, கத்தாதே" என்றார். குரலில் கோபமே இல்லை. "உம்மேல எனக்குக் கோவமில்ல. நீ உள்ள வந்ததுலேர்ந்து மூச்சப் பிடிச்சுட்டு நிக்கறேன். நாத்தமா இருந்தாப் பரவால்லயே. எனக்கு வாசனையா இருக்கு. பயமா இருக்கு எனக்கு."

பயம் என்ற சொல்லை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படிச் சொன்னபோதுகூட, பார்த்துக்கலாம் என்று சிரித்த ஆள். இந்தப் பதினோரு மாதமும் பயந்து பயந்து செத்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் தினமும் ஷிஃப்ட் முடிந்து அந்த ஒயின் ஷாப்பைத் தாண்டி, யாரிடமும் சொல்லாமல், இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

துணிப்பையில் ஒரு புடவையை எடுத்து வைத்துக்கொண்டேன். வாசலில் செருப்பைப் போட்டவள் திரும்பிப் பார்த்தேன். "நான் போனதும் நீங்க வெளிய கிளியப் போயிட மாட்டீங்களே?" என்று கேட்டே விட்டேன்.

ஆணியிலிருந்து பூட்டையும் சாவியையும் எடுத்து என்னிடம் எட்டி நீட்டினார், கிட்டே வராமல். "வெளிய பூட்டிட்டுப் போ. காலைல வந்து தொற."

பூட்டினேன். உள்ளே அவர் மறுபடி பீன்ஸ் நறுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. ஏழு மணிகூட ஆகவில்லை. கதவைத் திறந்தவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பாயை எடுத்துப் போட்டாள், பழக்கம். அப்புறம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"படுபாவி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா?"

"இல்லக்கா, அவர் குடிக்கல" என்றேன். "நான்தான்."