ஆற வைக்கும் இரண்டு நிமிடம்

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் உத்தியோகம். மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகும் கம்பிவடத்தை அவர் இண்டு இடுக்கு விடாமல் தடவிப் பார்ப்பார். அப்படியும் மனசு கேட்காமல், "எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடுவோம்" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'இன்னொருதரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் பாதியில் நின்றதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினார். காரணம், அதற்கு முன் ஒருநாள் சிக்னலில் பக்கத்தில் நின்ற அதே மாதிரிக் கார், பச்சை விழுந்ததும் ஒரு சீறலோடு கண்ணை விட்டு மறைந்தது. அதோடு கவிழ்ந்தவர்தான். ஆனால் ஆசையைக்கூட முறைப்படிதான் படுவார். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் இணையத்தில் புலம்பியதை எல்லாம் படித்து முடித்தார். டர்போ படுத்துவிடும், எண்ணெய் குடிக்கும், உதிரிபாகத்துக்கு நாய் படாத பாடு படவேண்டும். வேறு யாராவது என்றால் கும்பிடு போட்டு ஒதுங்கியிருப்பார்கள். இவருக்கோ, இத்தனை வியாதிக்காரியைத் தன்னைத் தவிர யார் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று இரக்கம் பிறந்துவிட்டது.

"இளையவ எப்படி இருக்கா?" என்று காரைப் பற்றி அவர் மனைவி தினமும் விசாரிப்பாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பகல் முழுக்க, கற்றுக்கொள்பவர் ஆமையாய் ஊர்ந்து ஓட்ட, பக்கத்து இருக்கையில் உபரி பிரேக்கின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. வாசலில் அப்படி ஒரு கார் நிற்க, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து ஒரே ஒரு முறை ஓட்டிவிட மாட்டோமா என்று அவள் ஏங்கியதில் தப்பே இல்லை. கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. மழை வரும் போலிருக்கிறது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. டயரில் காற்று சந்தேகமாக இருக்கிறது. கடைசியில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அது அவளுக்கு வலித்தது, அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் மட்டும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் சைக்கிள்காரர்களுக்கு வழிவிட்டபடி ஓட்டினார். வீடு வந்ததும் எஞ்சினை அணைக்காமல் இரண்டு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். வேகமாக ஓடிய டர்போ கொதிக்கும், ஆறவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார்.

இவ்வளவு தாங்கியும் எஞ்சினுக்கு உதறல் வந்தது. சிக்னலில் நின்றால் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. அவருக்குத் தூக்கம் போயிற்று. முழுசாகப் படுப்பதற்குள் விற்றுவிடுவது என்று விளம்பரம் கொடுத்தார்.

ஒரு பல் டாக்டரம்மா வந்தார். முன்பு இதே மாடலை வைத்திருந்தவராம். இவர் உதறலையும் மறைக்கவில்லை, இரண்டு நிமிட விதியையும் சொல்லாமல் விடவில்லை.

"சார், நீங்க எவ்வளவு வேகத்துல போவீங்க?"

"நாப்பதைத் தாண்டினதில்லைம்மா."

"அப்ப அது சூடாவே ஆகியிருக்காதே. எதை ஆற வைக்கிறீங்க?"

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, காரைப் புறவழிச் சாலைவரை விரட்டிவிட்டுத் திரும்பினார். உதறல் பாதிக்குமேல் அடங்கியிருந்தது. "பல்லுல கறை பிடிக்கிற மாதிரிதான் சார். மெதுவாவே ஓட்டினா உள்ளே கரி படியும். அடிக்கடி நல்லா விரட்டணும். எனக்குப் பிடிச்சிருக்கு, எடுத்துக்கறேன்."

"எதுக்கும் இன்னொரு தரம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு சார்."

அப்போதுதான் மனைவி வெளியே வந்தாள். "அவங்க எடுத்துட்டுப் போறதுக்குள்ள நான் ஒரு தடவை ஓட்டிக்கறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் சாவிக்காகக் கையை நீட்டினாள். மூன்றாம் மனுஷி முன்னால் அவருக்கு மழையும் டயரும் வாயில் வரவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

முதலில் பதமாகத்தான் ஓட்டினாள். எஞ்சின் சூடானதும், புறவழிச் சாலை காலியாகக் கிடக்க, மிதித்தாள். கார் சீறியது. சிக்னலில் அவரைக் கவிழ்த்த அதே சீறல். சொந்தக் காரில் அதை அவர் கேட்பது இதுவே முதல் முறை. அங்கே இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் அமுக்கிக்கொண்டே இருந்தது.

"அங்க ஒண்ணும் இல்லைங்க, காலை எடுங்க" என்றாள் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதில் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தினாள். உதறல் சுத்தமாக நின்றிருந்தது. அணைக்கப் போனவளின் கையைப் பிடித்தார்.

"இரு, ரெண்டு நிமிஷம் ஓடட்டும். இன்னைக்குத்தான் சூடாகியிருக்கு."

இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வந்து கண்ணாடியைத் தட்டினார். இவர் கண்ணாடியை இறக்கினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. கார் விக்கிறதா இல்லை."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்தபடி நடையைக் கட்டினார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லை. இன்னொரு தரம் யோசிச்சா வித்துடுவேன்" என்றார்.