மங்கம்மாவின் கட்டைவிரல்

எங்கம்மா மங்கம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். படகிலிருந்து கூடை இறங்கியதும் அவள் குரல் எழும்பும். ராயபுரம் பாலம் வரைக்கும் கேட்கும் என்று சொன்னால் பாதிதான் பொய். கோபம் வந்தால் கத்துவாள். ரொம்பக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அவள் கத்தாமல் இருந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கடை. பேரை எழுத மாட்டேன், ஓசியில் விளம்பரம் ஆகிவிடும். மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ் என்று விற்றுக்கொண்டிருந்தவர்கள் போன ஆடித் தள்ளுபடியில் திடீரென்று ‘ஸ்மார்ட் வீடு’ விற்க ஆரம்பித்தார்கள். கடைக்குள்ளேயே பலகையில் கட்டிய ஒரு மாதிரி வீடு. சொன்னால் விளக்கு எரியும், சொன்னால் ஃபேன் சுற்றும், கதவில் விரல் வைத்தால் திறந்துகொள்ளும். டை கட்டிய மேனேஜர் விமல் மைக்கில் சொன்னான்: “இனிமே உங்க வீடு உங்களை அடையாளம் கண்டுக்கும்மா!”

அம்மா அந்தப் பேச்சில் அங்கேயே விழுந்தாள். எங்கள் குப்பத்து வீட்டை எறாவும் வஞ்சிரமும் விற்று அவள் ஒருத்தியாக எழுப்பினாள். அப்பா ஒரு செங்கல் எடுத்து வைத்ததில்லை. அவர் இப்போது இன்னொரு குடும்பத்துக்கு அப்பா. சாவி என்றாலே அம்மாவுக்கு ஆகாது. மடியில் செருகினால் ஐஸ் பெட்டியில் விழும், கூடையில் போட்டால் மீனோடு போகும். “என் வூடு என்னைக் கண்டுக்குமாம்டி” என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாங்கிய விரல் பூட்டைக் கதவில் மாட்ட வந்த ஆள் அம்மாவின் விரலை வைத்து வைத்துப் பார்த்தான். பதியவில்லை. இந்தப் பேஜாரு எங்களுக்குப் பழக்கம்தான். உப்பும் ஐஸும் செதிலும் தேய்த்துத் தீர்த்த விரலில் ரேகை ஏது? ரேஷன் கடையிலும் மெஷின் இதே மாதிரி கைவிரிக்கும். அங்கே வீட்டில் யாராவது ஒருத்தர் விரல் பதிந்தால் போதும், குடும்பத்துக்கே அரிசி வந்துவிடும். அதே நினைப்பில் அம்மா, “உதயா, நீ வையிடி” என்றாள். வைத்தேன். டிங் என்றது. ஒரு விரல் பதிந்தால் குடும்பமே பதிந்த கணக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். மாட்ட வந்தவன் விளக்கம் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டான்.

அன்று சாயங்காலம் அம்மா வெளியே நின்று, புடவையில் கையைத் துடைத்து, சாமி கும்பிடுகிற மாதிரி கட்டைவிரலை வைத்தாள். நான் உள்ளே இருந்தேன். கதவு அசையவில்லை. பூட்டில் இருந்த கேமரா என் போனில் அவள் முகத்தைக் காட்டியது. அதே போனில் ஒரு தட்டு தட்டினேன், கதவு திறந்தது. “பாத்தியா!” என்றாள் அம்மா, பூட்டைப் பார்த்து.

அதிலிருந்து அவள் வரும் நேரத்துக்கு நான் வீட்டில். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது இதற்காவது உதவியது. நம்பர் போட்டும் திறக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “என் வூட்டுக்கு நான் இன்னாத்துக்கு நம்பர் சொல்லணும்?” என்றாள்.

ஒரு நாள் வியாசர்பாடியில் எங்கள் ஃபுட்பால் மேட்ச். இழுத்துக்கொண்டு போய்விட்டது, போனும் செத்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது அம்மா மழையில் வெறும் கூடையோடு வாசலில் நிற்கிறாள். எதிர்வீட்டு ஜெனி அக்கா ஜன்னலிலிருந்து, “மங்கம்மா யாருன்னு மங்கம்மா வூட்டுக்கே தெரியலியாம்” என்று தெருவுக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏலம் முடிந்த கையோடு கடைக்குப் போனோம்.

“முந்தாநேத்து வரைக்கும் தொறந்துச்சி நைனா” என்றாள் அம்மா.

விமல் அவளை மேலும் கீழும் பார்த்தான். “மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்க கையிலதான். நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வைங்க.”

பிரிட்ஜ் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் வாசல் வரைக்கும் வந்திருப்போம், பின்னால் புஸ்ஸென்று சத்தம். அம்மா நின்ற இடத்தில் விமல் வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான். அம்மா திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை.

“அவன் நம்பரை ‘நாய்க்குட்டி இலவசம்’னு எழுதி கும்மிடிப்பூண்டி ரயில் பூரா ஒட்டட்டுமா?” என்றேன் வீட்டில்.

“உன் சில்லறை வேலையெல்லாம் வோணாம். கோளாறு என் கையிலன்னு பத்து பேர் எதிர்ல சொன்னான் இல்ல? அதே வாயால, அதே கடையில, மைக்குல, கோளாறு இல்லன்னு சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் கலைந்ததும் காசிமேட்டுப் பெண்கள் எல்லாரும் குளித்து, கல்யாணப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து கடைக்குள் நுழைந்தார்கள். விமலுக்கு ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை. “வாங்கம்மா, வாங்க! யார் வேணா விரல் பதிஞ்சு பாக்கலாம்!” என்று மைக்கில் வரவேற்றான்.

முதல் பெண் மாதிரி வீட்டுக் கதவில் விரல் வைத்தாள். “மீண்டும் முயற்சிக்கவும்” என்றது பூட்டு. இரண்டாவது பெண். மீண்டும் முயற்சிக்கவும். விமல் கர்ச்சீப்பால் பூட்டைத் துடைத்தான். வரிசை நகர நகர பூட்டு அதையே பாடியது. கிரைண்டர் வாங்க வந்த வெல்டர் சௌக்கத் அலி பாய், “நவுரு, நான் வெச்சிப் பாக்கறேன்” என்று வந்தார். அவருக்கும் அதே பாட்டு. ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர் வைத்தார். வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிற ஒரு அம்மா வைத்தார்.

“இன்னா மேனேஜரே,” என்றார் பாய், “வேலை வெட்டி இல்லாதவனுக்கு மட்டும் தொறக்கற பூட்டா இது?”

கடையே சிரித்தது. அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். கையில் ஐஸ் நிரப்பிய மீன் தட்டு. ஐஸ் மேலே, கதவிலிருந்து நான் கழற்றிக் கொடுத்த எங்கள் பூட்டு. விமல் கையிலிருந்த மைக்கைப் பூ பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“பாரு பாரு, செவுளைத் தூக்கிப் பாரு! கண்ணு கலங்கிப்போன சரக்கு, வலையில வரும்போதே செத்தது! கேளு, யாரு கேக்கறே? சும்மா தந்தா யாரு கேக்கறே?”

“சும்மா தந்தாலும் வோணாம்கா!” என்றார் பாய்.

ஸ்மார்ட் வீடு வாங்க வந்தவர்கள் ஒவ்வொருத்தராக மிக்சி பக்கம் ஒதுங்கினார்கள். அம்மா மைக்கை விமல் வாயருகே நீட்டினாள். “கோளாறு எங்க கீது? சொல்லு.”

அவன் ஏதோ முனகினான்.

“ஏலத்துல முனகினா செல்லாது நைனா.”

“உங்க கையில... கோளாறு இல்லம்மா.” வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் அதை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோனது.

அம்மா மைக்கைக் கொடுத்தாள். கல்லா மேலிருந்த வாசனை ஸ்ப்ரேயை எடுத்து அவனைச் சுற்றிப் பொறுமையாக ஒரு சுற்று அடித்தாள். வைத்துவிட்டு வந்துவிட்டாள். பூட்டையும் ஐஸோடு அங்கேயே விட்டாள்.

இப்போது எங்கள் கதவில் பூட்டு இருந்த ஓட்டையைத் தகரம் மூடியிருக்கிறது. சாவி அம்மா கழுத்தில், தாலி இருந்த இடத்தில். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: “தெனம் போனைத் தட்டறதுக்குன்னு உள்ள குந்திகினு இருந்தியே, எங்கியும் போவாம. லூசு.” எப்போது கண்டுபிடித்தாளோ.

போன வாரம் விமல் காசிமேட்டுக்கு வந்தான். மாமனார் வீட்டு விருந்தாம், வஞ்சிரம் வேண்டுமாம். அம்மா இருப்பது தெரியாமல் கூடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். சுற்றியிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள்.

“கட்டைவிரலை நீட்டு” என்றாள் அம்மா.

நீட்டினான். காய்ப்பே ஏறாத மழமழவென்ற விரல், ரேகை ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. அம்மா அதைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

“மீண்டும் முயற்சிக்கவும்” என்றாள், அடுத்த கூடைக்கு ஏலம் கூவத் திரும்பிக்கொண்டே.