சிவப்புப் பொத்தான்

எங்கள் மகள் படிக்கும் சிறப்புப் பள்ளிக்கு வாரம் ஒருமுறை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார் அந்தக் கீபோர்டு மாஸ்டர். ஒல்லியான உடம்பு, வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பாடம் நடக்கையில் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டுதான் நிற்பார். எந்தப் பிள்ளையின் விரலையும் பிடித்து வாசிக்க வைக்க மாட்டார்.

விரல்கள் விரியாத என் மகளுக்காக, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தானைக் கீபோர்டோடு இணைத்துக் கொண்டுவந்தார். முஷ்டியால் அமுக்கினால் ஒரு சுரம் வரும்.

அன்று நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக அங்கே வந்திருந்தார் என் கணவர். மகளின் கை மெல்ல நகர்ந்து பொத்தானை நெருங்கியதும் பதறி அந்தக் கையைப் பிடித்துவிட்டார். மைன்ஸில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் நின்றுவிடும்.

"வுடுங்க சார். இங்க எதுவும் நிக்காதுங்க," என்றார் மாஸ்டர். "செவப்புன்னாதான் பாப்பா கண்ணுல படுது."

கணவர் கையை எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், மாஸ்டரைப் போலவே அக்குளில் செருகிக்கொண்டார். வெகுநேரம் காத்திருந்தோம். சுரம் வந்தது.

"இன்னொரு தடவ அமுக்கு கண்ணு," என்றார் கணவர், அக்குளிலிருந்து கையை எடுக்காமலேயே.

இப்போதும் அவள் தம்ளரைத் தூக்கத் தடுமாறினால் என் கைதான் முந்துகிறது. அந்த மாஸ்டரை நன்றியோடு நினைத்துக்கொண்டு, கையை அக்குளில் செருகிக்கொள்கிறேன்.