ராஜாக்கள் நிறைந்த ஊரில் ஒரு கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு மோட்டார், பம்புசெட் கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். கடை என்று சொன்னால் எங்கள் முதலாளிக்குப் பிடிக்காது. "கம்பெனின்னு சொல்லும்மா" என்பார். மலையடிவாரத்துத் தோப்புக்காரர்களுக்குப் பம்புசெட்டும், ஊரில் இருந்த மில்லுகளுக்கு பேரிங், பெல்ட் வகையறாவும் விற்றுக்கொண்டிருந்தோம். பின்பக்கத்து குடோனில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஒரு தடவை அவசரம் என்று மதுரையிலிருந்து ஆள் விட்டு வாங்கிவந்த பெல்ட், மறுநாள் எங்கள் குடோனிலேயே மூட்டையாகக் கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலைக்காரர், பட்டனைத் தட்டினால் தன் சரக்கு இருப்பெல்லாம் திரையில் வந்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். பாயசம்கூடச் சாப்பிடாமல் முதலாளி திரும்பி வந்தார்.

"நாமளும் கம்ப்யூட்டர் வாங்குதோம். ஆனா சும்மா வாங்கக் கூடாது. கமிட்டி போட்டு வாங்கணும்."

கமிட்டியில் மூன்று பேர். முதலாளி, மேனேஜர், நான். மேனேஜர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு படித்திருந்தேன் என்பதால் என்னைச் சேர்த்தார்கள். அங்கே நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என் முறை வரும்போது பெரும்பாலும் வகுப்பு முடிந்துவிடும். இதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை.

முதலில் மெட்ராஸ் கம்பெனிக்காரர் வந்தார். டை கட்டியிருந்தார். சித்திரை மாத வெயிலில் எங்கள் ஊரில் டை கட்டியவரைப் பார்ப்பதே அபூர்வம். டீ கொண்டுவந்தவர் கிளாஸை வைத்துவிட்டு அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி வந்திருந்தார்கள். அண்ணாச்சி முன்கூட்டியே எழுதி அனுப்பிய எங்கள் வாடிக்கையாளர் பெயர்களை அதில் ஏற்றியும் வைத்திருந்தார்கள்.

"யார் கணக்கு வேணும்னாலும் கேளுங்க சார். பேரை அடிச்சாப் போதும்."

முதலாளி உற்சாகமாக ஒரு ராஜாவின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பாதிப் பேருக்கு மேல் பெயர் ராஜா என்றுதான் முடியும். முன்னால் உள்ள இனிஷியலை வைத்துத்தான் ஆளைப் பிரிப்பது. மூன்று எழுத்து, நான்கு எழுத்து என்று அது ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டு போகும். மெட்ராஸ் புரோகிராமில் இனிஷியலுக்கு இரண்டு எழுத்துக்குத்தான் இடம். மீதியை அது வெட்டிவிட்டது. அவர் பெயரை அடித்ததும் திரையில் மேலிருந்து கீழ்வரை ராஜா, ராஜா, ராஜா என்று ஓட ஆரம்பித்தது. நின்றபாடில்லை.

"இதுல உங்களுக்கு எந்த ராஜா சார்?"

"ஜீப் ராஜா" என்றார் அண்ணாச்சி. "தோப்பு ராஜாவும் இருக்காரு. மாடிவீட்டு ராஜா இருக்காரு. அதெல்லாம் இதுல வராதோ?"

டைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சியின் காதருகே குனிந்தார். "இந்த ஊர்ல வேற பேரே வைக்க மாட்டாங்களா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் முதலாளிக்குக் காது கூர்மை. அவரும் ஒரு ராஜா. "தேவுடா" என்று வீட்டுத் தெலுங்கில் முனகிக்கொண்டே எழுந்து கணக்கறைக்குப் போய்விட்டார். டைக்காரர் பெட்டியைக் கட்டினார்.

அடுத்து கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர். கம்ப்யூட்டரையும் விற்பார், புரோகிராமும் போட்டுத் தருவார். சிரித்த முகம்.

"பேருக்கு நீளமா இடம் வேணுமே?" என்றார் முதலாளி.

"பண்ணிரலாமுங்க."

"பில்லுல தமிழ் வருமா?"

"பண்ணிரலாமுங்க."

முதலாளி எது கேட்டாலும் அதே பதில். முதலாளியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிகவும் கவலையோடு கேட்டார்: "மாசக் கடைசியில தலகீழ் ஸ்டாக்குன்னு ஒண்ணு எடுக்கணுமே. அது வருமா?"

அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. அந்த நிமிஷம் அண்ணாச்சி உண்டாக்கியது.

"அது அடுத்த வெர்ஷன்ல வருதுங்க."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு குடோனுக்கு ஓடினேன். அண்ணாச்சியும் பின்னாலேயே வந்தார். இருவரும் பெல்ட் மூட்டைக்குப் பின்னால் நின்று சிரித்து முடித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினோம். அந்த இளைஞர் போன பிறகு முதலாளி எங்களைக் கண்டிப்போடு கூப்பிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, நாம இத்தனை நாளா தலகீழ் ஸ்டாக்கு எடுக்கவே இல்லையா?"

மூன்றாவதாக வந்தது மதுரையிலிருந்து ஓர் அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, வேலையை விட்டுப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். கம்ப்யூட்டர் எதையும் கொண்டுவரவில்லை. காலையில் வந்து கவுண்டர் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், நான் எப்படி பில் போடுகிறேன் என்று மத்தியானம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பில்லுல தமிழ் வருமா?" என்றார் முதலாளி.

"வராது சார்."

"பட்டனைத் தட்டினா எல்லாம் வருமுல்ல?"

"யாராச்சும் அடிச்சு ஏத்தினாத்தான் சார் வரும். இங்க யாரு அடிக்கப் போறா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடோன் பக்கம் பார்த்தேன்.

"ராஜாக்களை எப்படிப் பிரிப்பீய?" என்றார் அண்ணாச்சி.

"ஆளுக்கு ஒரு நம்பர். பேரை வச்சுப் பிரிக்கவே முடியாது சார். நான் காலைலருந்து பாத்துட்டேன்."

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் முதலாளி வெடித்தார். "என்ன அண்ணாச்சி, எது கேட்டாலும் வராது வராதுங்கிறாக? விக்க வந்தாகளா, திட்ட வந்தாகளா? அந்தக் கோயம்புத்தூர்த் தம்பியப் பாருங்க. இந்தக் கம்பெனி ஆரம்பிச்சதுலருந்து என்கிட்ட ஒருத்தன் பண்ணிரலாம்னு சொல்லியிருக்கானா?"

அது அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் விடவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஏற்கெனவே கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த ஒரு கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று கமிட்டியில் தீர்மானம் ஆயிற்று. முதலாளிக்கு வேறு சோலி இருந்ததால், அந்த இளைஞரிடமே போனில் விலாசம் கேட்டுக்கொண்டு அண்ணாச்சியும் நானும் போனோம்.

அது பெரிய மளிகை மொத்தக் கடை. கடை முதலாளியான பாய் எங்களை வாசலிலேயே வரவேற்று, டீ வரவழைத்து, இலையில் பால்கோவாவும் வைத்தார்.

"கம்ப்யூட்டரா? அருமையா ஓடுது. அந்தத் தம்பி தங்கமான தம்பி."

"செத்த நேரம் போட்டுக் காட்டுங்களேன்" என்றார் அண்ணாச்சி.

"காட்டலாம். ஆனா இப்பக் கரண்ட் இல்ல பாத்துக்கிடுங்க."

எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். நான் பார்த்தேன். கடைசியில் பாயும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை.

"வாங்க, உள்ள வாங்க. உங்ககிட்ட என்னத்த மறைக்க?"

உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. ஏசி ஜில்லென்று ஓடியது. மூலையில் பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் காலடியில் ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை.

"மத்தியானம் இங்கனதான் படுப்பேன். கம்ப்யூட்டருக்கு ஏசி கட்டாயம்னு சொல்லிட்டாகல்லா. இந்தத் தெருவுலயே இம்புட்டு சொகமான இடம் கிடையாது."

"ஓடலையா?" என்றேன்.

"மெசின் நல்லா ஓடுதும்மா. குத்தம் சொல்ல முடியாது. புரோகிராம்தான் ஒருநா நட்டநடுவுல ஆமாவா, இல்லையான்னு கேட்டுக்கிட்டு நின்னுருச்சு. எதுக்கு ஆமா, எதுக்கு இல்லைன்னு எங்க யாருக்கும் தெரியல. கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். வந்துரலாமுங்கன்னாரு. இன்னும் வந்துக்கிட்டு இருக்காரு. நேத்துப் போன் பண்ணி, நம்ம ஆளுக பாக்க வாராக, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. சின்னப் பையன். மனசு கேக்கல."

துணியை விலக்கி ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார். உண்மைதான். மெஷின் ஒரு சத்தமும் இல்லாமல் அழகாக விழித்துக்கொண்டது. உடனே ஆமாவா, இல்லையா என்று கேட்டது. பாய் அதை அணைத்துத் துணியைப் போர்த்தினார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி ஒரு யோசனையைப் பிடித்துவிட்டார். முதலாளிக்கும் மனத்தாங்கல் வரக் கூடாது, பில்லும் நிற்கக் கூடாது. "மெசினை அந்தத் தம்பிகிட்ட வாங்குவோம். புரோகிராமை அந்தம்மாகிட்ட வாங்குவோம்." முதலாளி இதைக் கேட்டு, "இதுக்குத்தான் கமிட்டி வேணுங்கிறது" என்று எங்கள் இருவருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மதுரை அம்மா கொஞ்ச காலம் தினமும் பஸ்ஸில் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் நினைத்த அளவுக்கு அது பயங்கரமாக இல்லை. பயங்கரமாக இருந்தது நம்பர் விஷயம்தான். யாருக்கு எந்த நம்பர் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல் நாள் காலையில் யார் பில் மேலே கிடந்ததோ அவருக்கு ஒன்று என்று போட்டுவிட்டோம். அவர் கூமாப்பட்டியிலிருந்து கிணற்று மோட்டாருக்குப் புட்வால்வு வாங்க வந்த ஒரு சம்சாரி, சின்ன விவசாயி.

விஷயம் ஊருக்குள் பரவிற்று. ஜீப் ராஜா ஜீப்பிலேயே வந்து இறங்கினார். சம்பந்தி வீட்டுக்குத் தன்னைவிட முந்தின நம்பர் கொடுத்தது எந்த நியாயம் என்று கேட்டார். தனக்கு எட்டாம் நம்பர் ஆகாது என்று இன்னொருவர் கணக்கையே முடிக்கச் சொன்னார். முதலாளி மதுரை அம்மாவிடம் கெஞ்சாத குறை.

"இந்த ஒண்ண மட்டும் மாத்திக் குடுங்க. கூமாப்பட்டிக்காரருக்கு ஒண்ணா?"

"மாத்த முடியாது சார்."

கூமாப்பட்டிக்காரர் அதன் பிறகு கடை வாசலில் நின்று, "ஏலே, ஒண்ணாம் நம்பர் வந்திருக்கேன்னு சொல்லு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். தேவையே இல்லாமல்கூட அடிக்கடி வந்து ஒரு வாஷராவது வாங்கிப் போவார். ஒருநாள் முதலாளி ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் பெயர் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விற்கிறவர் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் வராது என்றேன். சற்று நேரம் யோசித்தார். பிறகு அவர் கம்பெனியிலேயே அவர் ஒரு பல்பு வாங்கி, பில்லும் போட்டு, நம்பர் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பிரிண்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. நன்றாக அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று நின்று, பேப்பர் இல்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டும். பேப்பர் இருக்கும். கோயம்புத்தூருக்குப் போன் போட்டால், "அது புரோகிராம் தப்புங்க" என்பார். மதுரைக்குப் போட்டால், "அது மெஷின் தப்பு சார்" என்பார் அந்த அம்மா. கையால் பில் எழுதி என் விரல் வீங்கிப்போனது. அண்ணாச்சி இருவரிடமும் ஒருவர் வருவதை இன்னொருவருக்குச் சொல்லாமல், ஒரே சனிக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டார்.

இருவரும் பிரிண்டருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பேச்சு மரியாதையாகத்தான் ஆரம்பித்தது.

"மேடம் புரோகிராம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பேப்பரைச் சரியாக் கேக்கறதில்லைங்க."

"தம்பி, என் புரோகிராம் மதுரையில பல கடையில ஓடுது. அங்கல்லாம் பேப்பர் இருக்குறது மெஷினுக்குத் தெரியுது."

குரல் ஏறிக்கொண்டே போனது. கவுண்டரில் நின்றவர்கள் பேரிங்கை மறந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கோவை இளைஞர் ரோஷத்தோடு பிரிண்டரின் மூடியைக் கழற்றினார். பேப்பர் வருகிறதா என்று பார்ப்பதற்கு உள்ளே ஒரு சின்னக் கண் உண்டாம். அதன் மேல் காய்ந்த சந்தனம் அடையாக ஒட்டியிருந்தது. நடுவில் வட்டமாகக் குங்குமம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் முதலாளி உள்ளே வந்தார்.

"அது நான் வச்சதுதான். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்காம இருக்க முடியுமா? மேல வச்சா கை பட்டு அழிஞ்சுபோகுது. அதான் உள்ளுக்க வச்சேன்."

கோவை இளைஞர் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். பிறகு இருவரும் ஒரே மூச்சில், "சார், இது யூஸர் ப்ராப்ளம்" என்றார்கள். அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "யூஸர்னா யாரும்மா?"

"நாமதான் முதலாளி."

அவர் தலையாட்டிக்கொண்டார். அந்தப் பதவி அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஈரத்துணியால் தன் கையாலேயே சந்தனத்தைத் துடைத்தார். பில் ஒன்றை அடித்துப் பார்த்தோம், தடையில்லாமல் வந்தது. இரண்டு பேருக்கும் வடை, காபி வந்தது. பிறகு அவர்கள் சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். கோவை இளைஞருக்கும் மதுரைக்குப் போய்த்தான் பஸ் மாற வேண்டும். கல்யாணமாகி நான் வேலையை விடும்வரை பிரிண்டர் மறுபடி நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பொட்டு மேசைக் காலுக்கு இறங்கிவிட்டது.